முப்பத்தொரு இடது கால்கள்

எங்கள் கடையில் தைத்த காலணி தேய்ந்து வந்திருக்கிறது, நனைந்து வந்திருக்கிறது, நாய் கடித்தும் வந்திருக்கிறது. குற்றம் என்று சொல்லித் திரும்பி வந்ததில்லை. என் தாத்தா காலத்திலிருந்து எழுபது வருடம் இப்படித்தான். ஆகவே அந்தப் புதன்கிழமை காலையில் ஒரு பெண்மணி இரண்டு பெரிய பைகளைக் கொண்டுவந்து என் மேசைமேல் கவிழ்த்தபோது, முதலில் அவர் கடை மாறி வந்துவிட்டார் என்றே நினைத்தேன்.

கறுப்புத் துணிக் காலணிகள். மெல்லிய தோல் அடி. முப்பத்தொரு ஜோடி. எடுத்துப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை, எல்லாம் எங்கள் தையல்.

அந்தப் பெண்மணியை எனக்குத் தெரியும். மூன்று தெரு தள்ளி, காகிதக் கிடங்குக்கு மேல்மாடியில் சீனத் தற்காப்புக் கலை சொல்லிக்கொடுக்கும் கூடத்தை நடத்துகிறவர். அவருடைய அப்பா தொடங்கிய கூடம். அவரை எல்லோரும் பெரிய மாஸ்டர் என்பார்கள். அவர் இறந்து இரண்டு வருடமாகிறது. இப்போது மகள்தான் மாஸ்டர். ஐம்பதை ஒட்டிய வயது. நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"ஐயா, நாலு மாசம்தான் ஆச்சு. திருப்பிப் பாருங்க" என்றார்.

திருப்பினேன். வலது கால் எல்லாம் நல்லபடி இருந்தது. இடது காலில், விரல்களுக்குக் கீழே பாதம் பந்து போலத் திரளும் இடத்தில், ஓட்டை. ஒன்றிலல்ல, முப்பத்தொன்றிலும். சிறிய கால், பெரிய கால், ஆண், பெண், எல்லாவற்றிலும் அதே இடத்தில் எட்டணாக் காசளவுக்கு ஓட்டை.

அப்பா காலத்தில் வருடம் முழுக்க உழைத்த காலணி இப்போது நாலு மாதத்தில் போகிறதென்றால் தோலில் கை வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம் என்று அவர் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. மாதக் கடைசிக்குள் சரியான காரணம் வராவிட்டால், பேருந்து நிலையத்துக்கு எதிரே இயந்திரத்தில் செய்து விற்கும் கடைக்குப் போய்விடுவதாகவும், ஏன் மாறினீர்கள் என்று யாராவது கேட்டால் உள்ளதைச் சொல்வதாகவும் சொன்னார்.

எனக்குக் காது சுட்டது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "வந்து பாருங்க, கோணலா இல்லையான்னு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

பின்கட்டில் மிஷினில் மேல்துணி தைத்துக்கொண்டிருந்த என் மருமகள் சிரிப்பை அடக்குவது மிஷின் சத்தத்திலேயே தெரிந்தது. அவளும் அந்தக் கூடத்து மாணவிதான். மூன்று வருடமாகப் போகிறாள். எங்கள் வீட்டுப் பெண் கையைக் காலை வீசிச் சண்டை பழகுவதில் எனக்குச் சம்மதமில்லை. என் மகன் சம்மதித்துவிட்டான். புருஷனும் பெண்டாட்டியும் முடிவு செய்ததில் நுழைவது எனக்கு அழகில்லை என்று, அதைப் பற்றி மூன்று வருடமாக ஒரு வார்த்தை கேட்காமல் இருந்தேன். இப்போது கேட்கவேண்டியதாயிற்று.

முதலில் தோலைச் சோதித்தேன். வலது அடியும் இடது அடியும் ஒரே தோலில், அடுத்தடுத்து, என் கையால் வெட்டியவை. தண்ணீரில் ஊறவைத்து வளைத்துப் பார்த்தேன். தடிமன் அளந்தேன். குற்றமில்லை. பிறகு முப்பத்தொரு இடது காலையும் மேசைமேல் வரிசையாகக் குப்புறப் போட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கைரேகை பார்க்கிறவன் கையைப் படிப்பது நிஜமோ பொய்யோ, அடித்தோலை நான் படிப்பது நிஜம். தபால்காரருக்குக் குதியின் வெளி ஓரம் தேயும். தையற்காரருக்கு மிதிக்கும் காலின் நடு. இடுப்பு வலியை மனைவியிடம் மறைத்தவர் ஒருவரை அவர் வலது காலணியிலிருந்து கண்டுபிடித்திருக்கிறேன். ஆனால் முப்பத்தொரு பேர் எதைச் செய்தால் இந்த ஒரு இடம் மட்டும் இப்படித் தேயும்?

கோபம் எப்போது போயிற்று என்று தெரியவில்லை. மத்தியானத்துக்குள் எனக்கு அதைத் தெரிந்துகொண்டே தீரவேண்டும் என்றாகிவிட்டது.

மருமகளைக் கூப்பிட்டு, அங்கே அடிப்படையாக என்னதான் சொல்லித்தருகிறார்கள் என்று கேட்டேன். அவள் என்னை ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, முக்காலியை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

வில் நிலை என்று ஒன்று காட்டினாள். முன்கால் மடங்கி, பின்கால் கம்பாக நீட்டி, முன்னே பாய்கிற மாதிரி. இதில் பின்காலின் வெளி ஓரம் தேயும் என்று குறித்துக்கொண்டேன். வெற்று நிலை என்றால் உடம்பு முழுவதும் பின்காலில், முன்கால் விரல் நுனி மட்டும் தரையைத் தொட்டபடி. எந்த நேரமும் உதைக்க அந்தக் கால் சும்மா காத்திருக்கிறதாம். அதில் விரல் நுனி தேயலாம், பந்து தேயாது. பதுங்கு நிலையில் ஒரு காலை மடித்து அதன்மேல் உட்கார்ந்து, இன்னொன்றைப் பக்கவாட்டில் தரையோடு தரையாக நீட்டவேண்டும். அதைச் செய்யும்போது அவள் முகம் ஒரு கணம் சுருங்கியது. மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"எல்லாத்துக்கும் அம்மா குதிரை நிலைதான் மாமா. கண்ணுக்குத் தெரியாத குதிரை மேல உக்காந்த மாதிரி நிக்கணும். அது வந்தாத்தான் மத்தது."

"நின்னா ஓட்டை விழுமா?"

"அதைத்தான் வந்து பாருங்கன்னு சொல்லிட்டுப் போனாங்க" என்று சொல்லிவிட்டு மிஷினுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்குச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு போனேன். கிடங்கின் பக்கவாட்டுப் படி செங்குத்தானது. மேலே நீளமான அறை, மரத்தரை, ஒரு பக்கம் முழுக்க ஜன்னல். சுவரில் ஒரு கடிகாரம். கடைக்கோடியில் பெரிய மாஸ்டரின் படம். அவரும் எங்கள் துணிக் காலணியில்தான் இருந்தார். கூடத்துக்குள் மாஸ்டரிலிருந்து நேற்றுச் சேர்ந்தவர் வரை எல்லோருக்கும் ஒரே மெல்லிய காலணி என்பது அவர் போட்ட சட்டம். அந்தச் சட்டத்தால்தான் எங்களுக்கு அந்த வேலை வந்தது.

மாஸ்டர் எனக்கு ஒரு ஸ்டூல் போடச் சொன்னார். வலது கையை முஷ்டியாக்கி, இடது உள்ளங்கையில் வைத்து எனக்கு வணக்கம் சொன்னார். மாணவர்களும் சொன்னார்கள். மரியாதை என்பதால் நானும் அதே மாதிரி செய்தேன். கை மாறிப்போனதாக மருமகள் பிறகு சொன்னாள்.

குதிரை நிலை தொடங்கியது. கால்களைத் தோளகலத்தைப்போல இரண்டு மடங்கு அகட்டி, தொடை தரைக்குச் சமமாக வரும்வரை இறங்கினார்கள். முதுகு நேர்கோடு. முஷ்டிகள் இடுப்பில், உள்ளங்கை மேல்நோக்கி. பிறகு அசைவே இல்லை. என் கடையில் முக்காலியில் உட்கார்ந்திருப்பவன்கூட இதைவிட அதிகம் அசைவான். மூன்றாவது நிமிடத்தில் தொடைகள் நடுங்கத் தொடங்கின. ஐந்தாவது நிமிடத்தில் ஒருவருடைய மூக்கு நுனியிலிருந்து வியர்வை சொட்டியது. அவர் துடைக்கவில்லை. எனக்கு ஸ்டூலில் உட்கார்ந்திருக்கக் கூச்சமாகிவிட்டது. நானும் முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

பிறகு அதே நிலையில் குத்துகள். முஷ்டி இடுப்பிலிருந்து கிளம்பி, கடைசிச் சாணில் திரும்பி, கவிழ்ந்து போய் நிற்கும். ஒரு கை போகும்போது மற்றது இடுப்புக்கு வரும். மாஸ்டர் வரிசைக்குள் நடந்துகொண்டே, பலம் கையில் இல்லை, குதி தரையைத் தள்ளவேண்டும், அது முழங்கால் வழியாக இடுப்புக்கு ஏறி, இடுப்பு திரும்பி, அதன் பிறகுதான் முஷ்டி என்று சொல்லிக்கொண்டே போனார். எனக்கு அது பிடித்திருந்தது. நல்ல தையலும் அப்படித்தான், ஊசி கையில் இருக்கும், இழுப்பு தோளிலிருந்து வரும்.

அப்போதுதான் கண்ணில் பட்டது. என் கண் எப்போதும் காலில்தான் இருக்கும். ஆனாலும் அதுவரை தப்பிவிட்டது. எல்லோருடைய வலது குதியும் தரையில் பதிந்திருந்தது. இடது குதி, ஒரு விரல் நுழைகிற அளவுக்கு, தூக்கியிருந்தது. முழு எடையில் பாதி அந்தப் பந்தின்மேல். ஒவ்வொரு குத்துக்கும் இடுப்பு திரும்ப, அந்தப் பந்து மரத்தரையில் அரைபட்டது. ஒரு நாள் காலையில் மட்டும் நானூறு குத்து. என் தோல் குற்றவாளியல்ல என்று எழுந்து நின்று சொல்லலாம் போலிருந்தது.

ஆனால் கேள்வி தீரவில்லையே. குதி தரையைத் தள்ளவேண்டும் என்கிறார். குதியைத் தூக்கச் சொல்கிறார். புதிதாகச் சேர்ந்த ஒருவர் களைப்பில் இடது குதியை இறக்கியபோது, கையிலிருந்த மெல்லிய பிரம்பால் அதைத் தொட்டு மறுபடி தூக்கவைத்தார்.

முடிந்ததும் கேட்டேன். இடது குதி வழியாக மூச்சு வெளியேறாமல் அடைத்துக்கொள்ள அந்த இடைவெளி என்றார். பிறகு, பாம்பு தலையைத் தூக்குவது எப்போது வேண்டுமானாலும் கொத்தத்தான், அதுபோல என்றார். இரண்டு காரணம் சொல்கிறவருக்கு ஒன்றுகூடத் தெரியாது என்பது என் அனுபவம்.

"உங்க அப்பா சொன்னாரா?"

"அப்பா வாயால எதுவும் சொல்லமாட்டார். பாத்துக் கத்துக்கணும்பார். அவர் நின்னது அப்படி. அவர் காலத்துல பாதிப் பேர் அதைக் கவனிக்கவே இல்ல. அவரும் திருத்தமாட்டார். நான்தான் இந்த வருஷம் எல்லாருக்கும் கட்டாயமாக்கினேன்."

அதனால்தான் அப்போது வருடம் முழுக்க உழைத்தது. கணக்கு சரியாக வந்தது. ஆனால் திருத்தவில்லை என்ற வார்த்தை என் மனதில் முள்ளாகத் தங்கிவிட்டது. நன்றாக நிற்பது எப்படி என்று தெரிந்த ஒருவர், தப்பாக நிற்பவர்களை ஏன் திருத்தவில்லை?

படியிறங்கும்போது மருமகள் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கினாள். கேட்டேன். அவளுடைய இடது முழங்கால் மாலைக்குள் வீங்கிவிடுகிறதாம். கூடத்தில் பதினைந்து நிமிடக் குதிரைப் பரீட்சை ஒன்று உண்டு; அதில் தேறினால்தான் பிறருக்குச் சொல்லித்தர முடியும். அவள் இரண்டு முறை பதினோராவது நிமிடத்தில் விழுந்திருக்கிறாள். மூன்று முறை தவறினால் முதல் நாள் வகுப்பிலிருந்து மறுபடி தொடங்கவேண்டும் என்பது அவர்கள் வழக்கம். மூன்றாவது முறை இந்த மாதக் கடைசியில்.

"வீட்டுல சொல்லலையே?"

"சொன்னா நீங்க, அப்பவே நினைச்சேன்னு சொல்வீங்க" என்றாள்.

நான் அப்பவே நினைத்தது உண்மைதான். சொல்லவில்லை.

கடைக்கு வந்ததும் ஏணி போட்டு மேல் அலமாரியில் ஏறினேன். எங்களிடம் அளவு கொடுத்த ஒவ்வொருவர் காலுக்கும் ஒரு ஜோடி அச்சுக் கட்டை உண்டு. காலின் உருவிலேயே மரத்தில் செதுக்கியது. அதன்மேல் தோலை இழுத்துக் கட்டித்தான் காலணி செய்கிறோம். பெரிய மாஸ்டர் கூடத்துக் காலணியை மட்டுமல்ல, மற்றதையும் எங்களிடம்தான் தைத்தார் என்று எனக்கு மங்கலாக ஞாபகம். அது அப்பா செய்த வேலை. அப்பாவுக்குப் பிறகு அவர் வரவில்லை. பழையதையே அடித்தோல் மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தார்.

கட்டை கிடைத்தது, துணியில் சுற்றி. வலது கட்டை சாதாரணம். இடது கட்டையின் குதிக்கு அடியில் நாலு அட்டைத் தோல் ஒன்றன்மேல் ஒன்றாக ஆணி அடித்து ஏற்றியிருந்தது. துணிக்குள் அப்பாவின் எழுத்தில் ஒரு சீட்டு: தெருவுக்கு, மழைக்கு, வீட்டுக்கு, மூன்றுக்கும் உள்ளே இதே உயரம். கூடத்துக் காலணியில் மட்டும் வேண்டாம் என்கிறார்.

அவருடைய இடது கால் ஒரு விரற்கடை குட்டை. அவ்வளவுதான் ரகசியம். வெளியே எங்கள் காலணி அவரைச் சமமாக நடக்கவைத்தது. எல்லோருக்கும் ஒரே காலணி என்று தானே போட்ட சட்டத்தால் கூடத்துக்குள் அந்த அட்டையை வைத்துக்கொள்ள முடியவில்லை. இடுப்பு நேராக நிற்க, இடது குதியைத் தூக்கினார். அதைக் கலை என்று பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். அவரால் ஆமென்றும் சொல்ல முடியவில்லை, இல்லையென்றும் சொல்ல முடியவில்லை. அதனால்தான் யாரையும் திருத்தவில்லை.

ஏணியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் தோல் நிரபராதி என்பதற்குச் சாட்சி என் கையில் இருந்தது. அதைக் காட்டத்தான் வழியில்லை. கட்டை எங்கள் அலமாரியில் இருக்கும்வரை அந்தக் காலைப் பற்றி இன்னொருவரிடம் பேசக்கூடாது. இது என் தாத்தா வைத்த விதி. மனிதர்கள் மறைப்பதையெல்லாம் அவிழ்த்து எங்கள் முன் நீட்டுகிறார்கள். அதற்கு நாங்கள் கொடுக்கும் பதில் மரியாதை இதுதான். உரியவர் இறந்துபோனால், வாரிசு கேட்டால் கட்டையைக் கொடுக்கவேண்டும். கேட்காமல் நீட்டக்கூடாது.

பேசாமல் பழியை ஏற்றுக்கொள்ளலாம் என்று ஒரு நாள் முழுக்க நினைத்தேன். தோல் சரியில்லை, மன்னிக்கவேண்டும் என்று ஒரு வாக்கியம். எழுபது வருடப் பெயர் போகும், விதி நிற்கும். ஆனால் சாப்பாட்டு மேசையில் மருமகள் இடது காலை நீட்டி வைத்துக்கொண்டு, மாதக் கடைசிக்கு எத்தனை நாள் என்று விரலில் எண்ணினாள். நான் பழியை ஏற்றால் அந்த முழங்கால் என்ன ஆகும்? மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

சனிக்கிழமை மறுபடி கூடத்துக்குப் போனேன். வகுப்பு முடிந்து எல்லோரும் போகும்வரை காத்திருந்து, எனக்குக் குதிரை நிலையைக் காட்டித்தரவேண்டும் என்றேன். மாஸ்டர் என் வயதைக் கேட்கவில்லை. அங்கிருந்த ஒரு ஜோடியைக் கொடுத்தார். என் கடைக் காலணியை அந்தத் தரையில் முதல் முறையாக நானே போட்டுக்கொண்டு, கால்களை அகட்டி, பாதி உயரத்துக்கு இறங்கினேன். தொடை உடனே எரிந்தது. அது தவிர, சொல்லக் கூச்சமாக இருக்கிறது, நன்றாகவே இருந்தது. இரண்டு குதியும் தரையைப் பிடித்துக்கொண்டிருந்தன. யாரும் என்னைத் தள்ளமுடியாது என்று தோன்றியது.

பிரம்பு என் இடது குதியைத் தொட்டது. "இதைத் தூக்குங்க."

"ஏன்?"

"போன தடவையே சொன்னேனே."

"ரெண்டு சொன்னீங்க. எது?"

நான் இறங்கிய நிலையிலேயே, படத்தைப் பார்த்தபடி பேசினேன். நின்றுகொண்டு அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல என்னால் முடிந்திருக்காது.

"உங்க அப்பாவோட அச்சுக் கட்டை எங்ககிட்ட இருக்கும்மா. யாரோட காலைப் பத்தியும் நாங்க வெளிய பேசறதில்ல. வாரிசு வந்து கேட்டா கொடுப்போம். கேக்காம கொடுக்கமாட்டோம். இதுக்கு மேல என்னால ஒரு வார்த்தை சொல்லமுடியாது."

கீழே கிடங்கில் யாரோ காகிதக் கட்டுகளை இறக்கினார்கள். என் தொடை நடுங்கத் தொடங்கியது. எழ மனமில்லாமல் நின்றேன்.

"எழுந்துக்கங்க ஐயா" என்றார் கடைசியில். அவ்வளவுதான். கட்டையைக் கேட்கவில்லை.

ஞாயிறு போயிற்று. திங்கள் போயிற்று. விதியின் விளிம்பு வரை போய் எட்டிப் பார்த்துவிட்டேன். அதற்கு அப்பால் கால் வைக்க இடமில்லை. செவ்வாய்க்கிழமை மத்தியானம், கடையில் வேறு யாரும் இல்லாத நேரத்தில் வந்தார். இந்த முறை நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எங்க அப்பா கட்டையைக் கொடுங்க" என்றார்.

துணியோடு எடுத்து அவர் முன் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றேன். முடிச்சு அவிழும் சத்தம் கேட்டது. சீட்டைப் பிரிக்கும் சத்தம். பிறகு நாலு அட்டையையும் விரல் ஒவ்வொன்றாக எண்ணுவது, பார்க்காமலே எனக்குத் தெரிந்தது.

"வீட்டுச் செருப்புமா?" என்று கேட்டார்.

"மூணும்."

"வீட்டுலகூட வெறுங்காலோட நடந்து நான் பாத்ததில்ல. ஒழுக்கம்னு நினைச்சேன்."

நான் திரும்பவில்லை. அவர் மேற்கொண்டு கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கட்டை அப்போதே எங்கள் அலமாரியை விட்டுப் போய்விட்டது. அவர் கேட்கவில்லை. கட்டையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, முஷ்டியை உள்ளங்கையில் வைத்து வணக்கம் சொன்னார். நானும் சொன்னேன். இந்த முறை கை மாறவில்லை.

மாதக் கடைசியில் மருமகள் பதினைந்து நிமிடம் நின்று தேறினாள். படியேறி வந்த சத்தத்திலேயே தெரிந்தது. இரண்டு நாள் முன்பிருந்து எல்லோரும் இடது குதியையும் தரையில் வைக்கவேண்டும் என்று மாஸ்டர் மாற்றிவிட்டாராம். குத்தின் சத்தமே வேறாகிவிட்டதாம்.

"ஏன்னு யாரும் கேக்கலையா?" என்றேன், ஊசியில் நூல் கோத்தபடி.

"கேட்டாங்களே. செருப்புக் கடைப் பெரியவர் வந்து, தோல் தாங்கலை, கொஞ்சம் பாத்து நில்லுங்கன்னு கெஞ்சினார்னு சொன்னாங்க. எல்லாரும் சிரிச்சுட்டாங்க. நிஜமாவா மாமா? நீங்களா கெஞ்சினீங்க?"

நூல் ஊசிக் காதில் நுழையவில்லை. எழுபது வருடம். என் தாத்தா, என் அப்பா, நான். கெஞ்சினேனாம்.

ஒரு வாக்கியம் போதும். விதியும் இப்போது தடுக்கவில்லை. நாக்கு நுனிவரை வந்த அந்த வாக்கியத்தை அங்கேயே வைத்துக்கொண்டு நூலை எச்சில் தொட்டு முறுக்கினேன்.

"ஆமா" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். நம்பவில்லை என்று தெரிந்தது. ஆனால் என்னைப் போலவே, கேட்காமல் இருக்கத் தெரிந்தவள். மிஷினில் உட்கார்ந்தபிறகு, வேறு எதையோ நினைத்துக்கொண்டவள் போல, இன்னொன்று சொன்னாள். எல்லோரையும் இறக்கச் சொன்ன மாஸ்டர், வகுப்பு முடிந்ததும் படத்துக்கு எதிரே தனியாக நிற்கும்போது மட்டும் தன் இடது குதியைத் தூக்கிக்கொண்டுதான் நிற்கிறாராம்.

"மத்தவங்களுக்குத் தப்புன்னா அவங்களுக்கு மட்டும் எப்படிச் சரி மாமா?"

"அது அவங்க கால்" என்றேன்.

அன்று மாலை புதிய வேலைக்குத் தோல் வெட்ட உட்கார்ந்தேன். பேருந்து நிலையத்துக்கு எதிர்க் கடைக்கல்ல, எங்களுக்கே வந்திருந்தது, மாணவர்களுக்கு முப்பத்தொன்று, மாஸ்டருக்கு ஒன்று, முப்பத்திரண்டு ஜோடி. முப்பத்தொரு ஜோடியை ஒரே மாதிரி வெட்டினேன். கூடத்துச் சட்டம் அது. மாஸ்டர் ஜோடியில் மட்டும், இடது அடிக்குள், பந்து படும் இடத்தில், வெளியே தெரியாமல் இன்னொரு அட்டைத் தோலை வைத்து ஒட்டினேன். இரண்டு வருடமாவது தாங்கும்.